சேச்சியின் வாசலில் பூளைப்பூ

நம் வயதுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் தினமும் விடிந்ததும் ஒரு மூலிகை வந்துவிடுகிறது. பல் தேய்க்கும் முன்பே யாரோ ஒருவர் வேரோடு பிடுங்கி அனுப்பிவிடுகிறார். போன வாரம் வந்தது சிறுபூளை. "சிறுநீரகக் கல்லைக் கரைக்கும், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டிருந்தீர்கள். படத்தில் இருந்தது சிறுபூளையே இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் மருமகள் வந்து, "அத்தை, ஒரு செடிக்குப் போய் இப்படி மல்லுக்கட்டணுமா?" என்று போனை வாங்கி வைத்துவிட்டாள். அவளுக்கு எங்கே தெரியும். அதனால் குழுவில் எழுதாமல் இங்கே நிதானமாக எழுதுகிறேன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுதக் கற்றதெல்லாம் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்த பிறகுதான்.

முதலில் செடியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது தரையோடு படர்கிற ஒரு களை. தண்டின் நுனியில் வெள்ளையாக ஒரு குண்டுப் பூ இருக்கும். கிள்ளினால் காகிதம்போல் சரசரக்கும். சிறுபூளை நிமிர்ந்து நிற்கும், முழங்காலுக்குக் கீழே. இலையில் சாம்பல் பூத்ததுபோல் மெல்லிய முடி. பூ நுனியில் மட்டும் நிற்காது. ஒவ்வொரு இலைக் கணுவிலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டிவைத்த மாதிரி அடி முதல் நுனி வரை வரும். கிள்ளினால் சத்தமே இருக்காது, விரலில் மெத்தென்று வரும். பூவுக்கு வாசனை கிடையாது. வேரைப் பிடுங்கி முகர்ந்தால் லேசாகக் கற்பூரம் மணக்கும். இவ்வளவும் எனக்குச் சொல்லித்தந்தது எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சி. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கொச்சியில் மட்டாஞ்சேரியில் இருந்தோம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அப்பா சாக்குத் தைக்கும் வேலைக்குப் போய், பிறகு அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். கடைத்தெருவில் காயல் என்கிற உப்பங்கழியைப் பார்த்து வரிசையாகப் பாண்டிகசாலைகள், அதாவது சரக்குக் கிடங்குகள். சுக்கு, மிளகு, மஞ்சள் எல்லாம் அங்கே மலைபோல் கிடக்கும். கிழிந்த சாக்குகளை அப்பா கோணியூசியும் சணலும் வைத்துத் தைப்பார். அந்த ஊசி என் சாணுக்கு நீளம், நுனி லேசாக வளைந்திருக்கும். இப்போது எங்கே போயிற்றோ. எங்கள் வீட்டில் கொடி கட்டுவதும் சணலில்தான், என் தலைமுடியை அவசரத்துக்குக் கட்டுவதும் சணலில்தான். மட்டாஞ்சேரி என்றால் இன்றும் எனக்கு மூக்கில் சுக்கும் ஈரச் சாக்கும்தான் வருகின்றன.

கிடங்குக்குப் பின்சந்தில் ஓட்டு வீடுகள் ஒரே சுவரில் ஒட்டி நிற்கும். எங்களுக்கு அடுத்த வீட்டில் சேச்சி. அதே கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலை. கணவர் இல்லை. ஒரே மகன். அவனை நான் சேட்டன் என்று கூப்பிடுவேன். மீசை அப்போதுதான் வந்திருந்தது, அதைக் கண்ணாடியில் பார்ப்பதே அவனுக்கு வேலை. காயலில் குதித்தால் அக்கரைக் கப்பலைத் தொட்டுவிட்டு வருவேன் என்பான். எனக்கு எலுமிச்சை மிட்டாய் வாங்கித் தருவான், தருவதற்கு முன் தன் மீசை எப்படி என்று கேட்பான். நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் மிட்டாய்.

அந்த வருடம் ஓணம் முடிந்ததும் சேட்டன் பம்பாய்க்குப் போனான். அங்கிருந்து லாஞ்சுப் படகில் ஏறிப் பாரசீகக் கரைக்கு, அதாவது வளைகுடாவுக்கு, போவதாகப் பேச்சு. பாஸ்போர்ட் எல்லாம் இல்லாமல் போகிற போக்கு அது. அப்போது சந்துக்கு ஒருவராவது அப்படிப் போனார்கள். பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவன் விட்டுப்போன ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியது, சேச்சியின் வாசலில் இருந்தது. அவள் அதைக் கழுவிச் சுவரில் சாத்தி வைப்பாள். காய்ந்ததும் நேராக வைப்பாள். பிறகு மறுபடி கழுவுவாள்.

துலாமாத மழையில், நம் ஐப்பசி, அப்பாவுக்குக் கல்லடைப்பு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மனிதர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சத்தம் கேட்டுச் சேச்சி வந்தாள்.

"பேடிக்கண்டா தங்கச்சி. இது கல்லாக்கும். என்றெ ஆளுக்கும் இது வந்ததுதான். நான் ஒரு மருந்து கொண்டு வராம்."

பயப்படாதே, என் கணவருக்கும் வந்ததுதான் என்று சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். கிடங்கின் பின்சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மணல் திட்டு ஒன்று உண்டு. ஒரு செடியைக் காட்டி, இதுமாதிரி பிடுங்கு என்றாள். நான் பிடுங்கிக் கொடுத்ததெல்லாம் அந்தக் குண்டுப் பூக் களை. சேச்சி சிரித்தாள்.

"மோளே, இதைக் கொடுத்தா உன் அச்சன் கல்லோடு நடக்கும். இது கடலாசு. இதா, இது பஞ்சு. தொட்டு நோக்கு."

கடலாசு என்றால் காகிதம். என் விரலைப் பிடித்து இரண்டையும் கிள்ள வைத்தாள். வேரை மூக்கருகே காட்டினாள். செறூள, செறூள என்று இரண்டு தரம் அதன் மலையாளப் பெயரைச் சொல்லவைத்தாள். வீட்டுக்கு வந்து வேரோடு கழுவி, அம்மியில் தட்டி, பெரிய பாத்திரத்தில் போட்டுச் சுண்டக் காய்ச்சினாள். பித்தளைச் சொம்பில் ஊற்றி அப்பாவின் வாயில் வைத்தாள். காலையும் மாலையும் அவளே காய்ச்சினாள், அம்மாவை அடுப்புப் பக்கம் விடவில்லை. ஒரு நாள் அப்பா கொல்லைப்புறத்திலிருந்து ஆள் மாறின மாதிரி வந்தார். கல் விழுந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் வாய்க்கால் பக்கம் கிளம்ப வேண்டாம். ஸ்கேன் எடுங்கள், டாக்டரைப் பாருங்கள். எங்களுக்கு அன்று இருந்த டாக்டர் சேச்சிதான்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அம்மா சேச்சியிடம் கேட்டாள். "ஏனுங்க்கா, இந்தச் செடி மருந்துக்கு மட்டுந்தானுங்களா?"

"அல்லல்ல. பத்துப் பூ உண்டு, தசபுஷ்பம். அதில் இது ஒண்ணு. திருவாதிரைக்குப் பெண்ணுங்க தலையில் சூடும். அது கழிஞ்ஞா..." என்றவள், படுத்திருந்த அப்பாவைப் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டு அடுப்பை ஊதினாள். "அது கழிஞ்ஞா வேறெ ஒரு காரியத்துக்கும் வேணம். அது பின்னெ பறயாம்."

பிறகு சொல்கிறேன் என்றவள் சொல்லவே இல்லை. நோயாளி படுத்திருக்கும் வீட்டில் சொல்லக்கூடாது என்று அவள் விழுங்கிய அந்தச் செய்தி இதுதான். மலையாளத்துக்காரர்களுக்கு அது பலிப்பூ. இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது இலையில் வைக்கிற பூ. மரியாதை தெரிந்தவள், அதனால் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் மரியாதை கெட்டவளாக இருந்திருக்கலாம் என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அம்மாவும் ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். சேச்சி போனதும் அந்தச் செடியைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"அட சாமி! இது நம்மூருப் பூளப்பூவாச்சே கண்ணு! இத்தன நாளா இங்கயே இருந்திருக்குது, நான் பாக்காம உட்டுட்டேனே!"

கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஊரில் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலின் மேலே செருகுவார்கள். மாட்டுக் கொட்டகை, கிணறு, வயல் எல்லாவற்றுக்கும் உண்டு. அதைத் தாண்டிக் கெட்டது உள்ளே வராது என்று நம்பிக்கை. கொச்சிக்கு வந்த பிறகு பூளைப்பூ கிடைக்காமல் அம்மா வெறும் வேப்பிலை செருகி மனசு ஆறாமல் இருந்தாள். இப்போது சுவருக்குப் பின்னாலேயே அது கிடைத்துவிட்டது. பொங்கல் வரட்டும் என்று காத்திருந்தாள். சேச்சியிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு ஆசை, திடீரென்று செய்து காட்ட வேண்டும் என்று.

போகி அன்று சேச்சி கிடங்கிலிருந்து வர நேரமாகும். அம்மா குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே மணல் திட்டுக்குப் போய்ப் பூளைப்பூ பறித்து வந்தாள். நானும் கூடப் போனேன். ஆவாரம்பூ கிடைக்கவில்லை, மாவிலை சேர்த்துக்கொண்டாள். அப்பாவின் சணலை அறுத்து இரண்டு கட்டு கட்டினாள். ஒன்றை எங்கள் வாசலில் செருகினாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு சேச்சியின் வாசலுக்குப் போனாள். சேட்டனின் செருப்பு கீழே இருந்தது. அதை மிதிக்காமல் தாண்டி நின்று, எட்டி, ஓட்டின் சட்டத்தில் கட்டினாள்.

"போன பையன் நல்லபடியா வந்து சேரோணும் சாமி," என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சேச்சி வந்தாள். நான் எங்கள் வாசலில் உட்கார்ந்து அவள் முகம் மலர்வதைப் பார்க்கக் காத்திருந்தேன். குனிந்து செருப்பை நேராக வைத்தாள். நிமிர்ந்தபோது கட்டு அவள் நெற்றியில் பட்டது. கையால் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். விரல்கள் அந்தப் பூவைக் கிள்ளின.

அப்புறம் அவள் கத்திய கத்தலில் சந்து முழுக்க வெளியே வந்துவிட்டது.

"ஆரா இது கெட்டியது? என்றெ வாதிலில் பலிப்பூ ஆரா கெட்டியது? என்றெ மோன் மரிச்சோ? ஆரா பறஞ்ஞது, என்றெ மோன் மரிச்சென்னு?"

என் வாசலில் பலிப்பூவை யார் கட்டியது, என் மகன் செத்துவிட்டானா, யார் சொன்னது. இதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கட்டைப் பிய்த்து எறிந்தாள். கையில் சணல் மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்தாள். எங்கள் வாசலைப் பார்த்தாள். சணல் யார் வீட்டுச் சணல் என்று அந்தச் சந்தில் பூனைக்கும் தெரியும்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அக்கா, காப்புங்க்கா, நல்லதுக்குத்தானுங்க்கா," என்றாள். சேச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏதோ மந்திரம் வைத்துவிட்டாள் பாண்டிக்காரி என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பாண்டி என்று அவர்கள் தமிழர்களைச் சொல்வது வழக்கம்தான், ஆனாலும் அன்று அது சுட்டது.

மறுநாள் பொங்கல். பால் பொங்கியபோது யாரும் குலவை போடவில்லை. அப்பா போய்ச் சேச்சியின் கதவருகில் நின்று எங்கள் ஊர் வழக்கத்தை விவரமாகச் சொன்னார். அவள் கதவைத் திறக்காமலே கேட்டுக்கொண்டாள். "எனிக்கறியாம்," என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. எனக்குத் தெரியும் என்றாள். தெரிந்தும் திறக்கவில்லை.

அதுதான் அம்மாவை அறுத்தது. "தெரியாமக் கோவிச்சா செரி. தெரிஞ்சும் மூஞ்சியத் திருப்பினா என்ன மனசுங்க அது?" என்று அப்பாவிடம் கேட்பாள். குழாயடியில் சேச்சி வந்தால் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அம்மா நின்றால் சேச்சி தூரத்திலேயே நின்றுகொள்வாள். நான் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவே போய்வந்தேன். சேச்சி எனக்கு வழக்கம்போல் சாயாவில் தொட்டு ரஸ்க் தருவாள், அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். சேச்சி இரக்கமில்லாதவள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு பெற்றுவிட்டு இந்த வயதுக்கு வந்த பிறகு வேறாகத் தெரிகிறது. அவளுக்கு அம்மாவின் மேல் கோபமே இருந்திருக்காது. மாதக்கணக்காகத் தன் மனசுக்குள் வந்து வந்து போன ஒரு நினைப்பை, வாய்விட்டுச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததை, வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்தால் அந்தக் கட்டுதான் தெரிந்திருக்கும்.

அம்மா ஒரு மத்தியானம் மணல் திட்டுக்குப் போய் அங்கிருந்த பூளைச் செடி அத்தனையையும் பிடுங்கி வாய்க்காலில் போட்டாள். சுவரிடுக்கில் முளைத்ததைக்கூட கோணியூசியால் நோண்டி எடுத்தாள். வேர் அறுபட்ட கற்பூர வாசனை அவள் கையில் இருந்தது. "இனி இந்தச் சனியன் இந்தப் பக்கம் மொளைக்கக் கூடாது," என்றாள். சொல்லிவிட்டு அந்தத் திட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மழைக்காலம் தொடங்கியதும் சேட்டனோடு லாஞ்சில் போன பையன் ஒருவன் ஊர் திரும்பினான். கன்னம் ஒட்டிப் போயிருந்தான். சேச்சியின் வாசலில் செருப்பைப் பார்த்ததும் உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் லாஞ்சுக்காரர்கள் எல்லோரையும் கடலில் இறங்கி நீந்தச் சொல்லியிருக்கிறார்கள். கரைக்கு வந்து பார்த்தபோது சேட்டன் இல்லை. அக்கரைக் கப்பலைத் தொட்டுவிட்டு வருகிறவன்தான். காயல் வேறு, கடல் வேறு.

அது எப்போது நடந்தது என்று அப்பா கேட்டார். போன துலாமாசம் என்றான் அவன். அதாவது சேச்சி எங்கள் அடுப்பில் அப்பாவுக்கு மருந்து காய்ச்சிக்கொண்டிருந்த அந்த ஐப்பசி. அம்மா காப்புக் கட்டியபோது சேட்டன் இறந்து மாதங்கள் ஆகிவிட்டிருந்தன. அப்பா இதை அம்மாவுக்கு எத்தனை விதமாகவோ எடுத்துச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு, "நான் அதக் கட்டாம இருந்திருக்கலாமுங்க," என்பாள்.

சேச்சி அழுது நான் பார்க்கவில்லை. அடுத்த நாளும் வேலைக்குப் போனாள். செருப்பு வாசலிலேயே இருந்தது, கழுவுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அம்மா கஞ்சி வைத்து என்னிடம் கொடுத்தனுப்புவாள். சேச்சி வாங்கிக்கொள்வாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவாள். அவ்வளவுதான்.

கர்க்கடக வாவுக்கு முந்தின நாள், அதாவது ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் வாசலில் சேச்சி வந்து நின்றாள். போகிக்குப் பிறகு அன்றுதான் வருகிறாள். தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே எழுந்தாள்.

"தங்கச்சி, கொறச்சு செறூள வேணம்."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். அப்பாதான், "ஆலுவாய்க்குப் போறீங்களா?" என்று கேட்டார். சேச்சி ஆமாம் என்று தலையாட்டினாள். பெரியாற்றுக் கரையில் வாவுக்குப் பலியிட அங்கேதான் போவார்கள்.

"பூ அங்கயே கிட்டுமே," என்றார் அப்பா.

"கிட்டும்," என்றாள் சேச்சி. பிறகு அம்மாவைப் பார்த்து, "நின்றெ கைகொண்டு பறிச்சது வேணம்," என்றாள்.

உன் கையால் பறித்தது வேண்டும். அதைச் சொல்லிவிட்டு மழையில் திரும்பிப் போய்விட்டாள்.

அம்மா அரிசியைப் போட்டது போட்டபடி என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மணல் திட்டில் தண்ணீர் நின்றது. சுவரிடுக்கில் பாசிதான் இருந்தது. அவள் தன் கையாலேயே துடைத்துவிட்ட இடம். கடைத்தெரு நெடுக, கிடங்குகளின் பின்பக்கமெல்லாம் பார்த்தோம். "ஒரு செடிகூட உடாமப் புடுங்கிப்போட்டனே, பாவி," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். பிறகு படகுத்துறைக்குப் போய் வெலிங்டன் தீவுக்குப் படகு ஏறினோம். துறைமுகத்து ரயில் பாதை ஓரம் மணலும் ஜல்லியும் கொட்டிய இடம். அங்கே வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்து அம்மா ஓடினாள். நான் கிள்ளிப் பார்த்தேன், சரசரத்தது. "இல்லம்மா, இது கடலாசு," என்றேன். அவள் முகம் அப்போது போன போக்கை எழுதத் தெரியவில்லை.

மழை விடவில்லை. சரக்கு வண்டி ஒன்று நின்றிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளத்துக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே நிமிர்ந்து நின்ற ஒரு சின்னக் கூட்டத்தை நான்தான் முதலில் பார்த்தேன். பஞ்செல்லாம் நனைந்து கணுவோடு ஒட்டிப்போயிருந்தது. கிள்ளினேன். சத்தம் வரவில்லை. அம்மா வேரை முகர்ந்து பார்த்தாள். ஒடிக்காமல் ஒவ்வொன்றாகப் பறித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். போகியன்று பறித்தபோது பாடிக்கொண்டே பறித்தவள்.

மறுநாள் விடிந்ததும் சேச்சி கிளம்பினாள். அம்மா பூவைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். சேச்சி இரண்டு எட்டு நடந்து திரும்பிப் பார்த்து நின்றாள். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூட நடந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எர்ணாகுளத்துக்குப் படகு, அங்கிருந்து பஸ்.

ஆலுவாயில் ஆறு செம்மண் நிறத்தில் மணல்புறத்தை மூடி ஓடியது. கரையில் வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சேச்சி ஈரத்துணியோடு உட்கார்ந்தாள். எள், அரிசிச் சோறு, தர்ப்பை, அதன்மேல் அம்மா பறித்த பூ. சடங்கு செய்து வைப்பவர் இறந்தவரின் நட்சத்திரமும் பெயரும் கேட்டார். நட்சத்திரத்தைச் சேச்சி சொன்னாள். பெயரைச் சொல்ல வாய் திறந்தாள், வரவில்லை. அவர் மறுபடி கேட்டார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். சேச்சி கையைப் பின்னால் நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அம்மா பயந்தாள். தன் வாயால் அதைச் சொல்ல அவளுக்கு எப்படிப் பயம் இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சேச்சி பிடியை விடவில்லை. அம்மா சேட்டனின் பெயரைச் சொன்னாள். அப்போதுதான் சேச்சி அழுதாள். அவள் அழுகை முடியும்வரை அந்த மனிதர் மந்திரத்தை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்.

அடுத்த போகி வந்தது. அம்மா வீட்டை மெழுகினாள், கோலம் போட்டாள், காப்புக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. வேப்பிலைகூட ஒடிக்கவில்லை. இந்த ஊரில் நமக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் ஊர்ப் பேச்சை எடுத்தேன், முதுகில் ஒன்று வைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சேச்சி வந்தாள். கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தாள், புடவையெல்லாம் சுக்குத் தூள். கையில் ஒரு பிடி பூளைப்பூ, வேரில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. எங்கே போய்ப் பறித்தாளோ.

"இக்கொல்லம் கெட்டுந்நில்லே?" என்று கேட்டாள். இந்த வருடம் கட்டவில்லையா என்று.

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"கெட்டணம். வீட்டில் ஆளும் கொச்சும் உள்ளதல்லே. இவிடெ கெட்டு," என்று எங்கள் வாசலைக் காட்டினாள். புருஷனும் பிள்ளையும் இருக்கிற வீடு, கட்ட வேண்டும் என்றாள். பிறகு தன் வாசலைக் காட்டினாள். அந்த வாசலில் செருப்பு இல்லை. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"அவிடெயும் கெட்டிக்கோ தங்கச்சி. இனி எனிக்குப் பேடிக்கான் ஒண்ணுமில்ல."

இனி நான் பயப்பட ஒன்றும் இல்லை என்றாள். அம்மா உள்ளே போய் அப்பாவின் சணலை எடுத்து வந்தாள். பூவை இரண்டாகப் பிரித்துக் கட்டினாள். முதலில் சேச்சியின் வாசலுக்குப் போய்க் கட்டினாள். பிறகுதான் எங்கள் வாசலுக்கு வந்தாள்.